கோட்டைக் கழற்றுகிறோம்: பென்னலூர்ப் பிரகடனம்

பென்னலூரிலும், ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களும், அங்கே வேலை கேட்டு வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் மறுநாளே அதற்கொரு பேட்ஜும் டையும் வந்துவிடுமோ என்று பயம்.

எங்கள் வழக்கு குளிர்காலத்தைப் பற்றியது. ஒரு செமஸ்டர் முடிந்து ஜனவரியில் அடுத்தது தொடங்குவதற்குள் உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு நேர்காணல் வைக்கிறார்கள். மார்கழி விடியலில் இங்கே 20 டிகிரியை ஒட்டி இருக்கும். மதியம் 30ஐ எட்டிப் பார்க்கும். பெங்களூரு நெடுஞ்சாலைப் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டி வருகிறவர் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுத்தான் வருகிறார். கல்லூரி வாசலில் அவற்றைக் கழற்றித் தோள்பையில் திணிக்கிறார். ஸ்வெட்டர் ‘ஃபார்மல்’ இல்லையாம். பதினொரு மணி வெயிலில், நண்பனிடம் இரவல் வாங்கிய கோட்டை மாட்டுகிறார். தோளில் தொளதொளவென்று தொங்கும். கையில் இரண்டு விரற்கடை குட்டை. குளிரும்போது கழற்று, வியர்க்கும்போது போடு என்பதுதான் இங்கே நடைமுறை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். புடவைதான் கட்ட வேண்டும், அதன்மேல் ஓவர்கோட் போட வேண்டும் என்பது பல கல்லூரிகளில் எழுதாத சட்டம். மழைநாளில் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் கொசுவம் நனைந்து, ஓரமெல்லாம் சேறு அப்பிவிடும். அந்த ஈரத்தோடு ஏசி அறையில் காத்திருக்க வேண்டும். எதிரே குழுவில் கோட் போட்ட ஐயாமார்; அதனால் ஏசி 18இல் ஓடும். “சார், ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா?” என்று கேட்டு யார் வேலையைக் கெடுத்துக்கொள்வது? அலுவலகக் குளிரூட்டலுக்கான பழைய கணக்கு 40 வயது, 70 கிலோ ஆணின் உடலை வைத்துப் போடப்பட்டது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எடுத்துக்காட்டினார்கள். பென்னலூரில் கடுங்குளிர் என்று ஒன்று உண்டென்றால் அது ரிமோட்டை வைத்திருப்பவர் உண்டாக்கியது.

மாணவர்களின் பார்வைக்காகத்தான் ஓவர்கோட் என்பார்கள். பார்வை கோணலென்றால் பாடம் மாணவனுக்குத்தான் நடத்த வேண்டும், ஆசிரியைக்கு அல்ல. ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2021இல் கேரள அரசு ஆணையிட்டுவிட்டது.

இங்கே மட்டும் என்ன குறை? 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் வேட்டிக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை ஆணையிலும் வேட்டிக்கும் சுடிதாருக்கும் இடம் இருந்தது. கோட்டையில் செல்லும் உடை கல்லூரியில் செல்லாதா?

ஒரகடத்தில் 2025 வரை ஜப்பானியர் பங்கு வைத்திருந்த கார் ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்து வேலைக்காகத்தான் வகுப்பில் கைசன், ஃபைவ்-எஸ் என்று ஜப்பானிய ஆலை நிர்வாக முறைகளை மாய்ந்து மாய்ந்து பாடம் எடுக்கிறோம். அதே ஜப்பானில் 2005இல் அரசே கோடையில் அலுவலக ஏசியை 28 டிகிரிக்கு ஏற்றச் சொல்லி, கோட்டையும் டையையும் கழற்றச் சொன்னது. அந்தப் பாடம் மட்டும் நம் சிலபஸில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உதவிப் பேராசிரியருக்கான தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில், 57,700 ரூபாய். அதில் பாதிகூடக் கொடுக்காத நிர்வாகங்கள் டை முடிச்சில் மட்டும் விதி பிசகாமல் நிற்கின்றன. பி.இ., எம்.இ., இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு என்கிற தகுதிப் பட்டியலில் கோட் எங்கே இருக்கிறது?

ஆகவே அறிவிக்கிறோம். நேர்காணலுக்கும் வகுப்புக்கும் துவைத்த, அன்றைய தட்பவெப்பத்துக்கு ஏற்ற உடை போதும். பருத்திச் சட்டை, சுடிதார், புடவை, வேட்டி, குளிர்ந்தால் மேலே ஸ்வெட்டர். மழைநாளில் செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கோட் வேண்டும் என்கிற கல்லூரி, ஆலைகள் தொழிலாளிக்குச் சீருடை தருவதைப் போல, தன் செலவில் தைத்துத் தரட்டும். ஆய்வகக் கோட்டையும் பட்டறை ஷூவையும் நாங்கள் எதிர்க்கவில்லை. அவை உயிர் காப்பவை. ஓடுகிற லேத் பக்கத்தில் துப்பட்டாவும் வேட்டியும் ஆபத்து. டையும்தான்.

துறைத்தலைவர்களே, இந்த டிசம்பர் நேர்காணலுக்கு முதலில் நீங்கள் கோட் இல்லாமல் வந்து உட்காருங்கள். ஏசியை 24இல் வையுங்கள். வந்தவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பத்து நிமிஷம் பாடம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.