கேமராவின் சாவி யாரிடம்?



ஈரோட்டில் சிறிய ஜவுளிக் கடை நடத்துகிறேன். கடையிலும் வீட்டிலும் சிசிடிவி இருக்கிறது. பகலில் அம்மா தனியாக இருப்பதால், கடையில் இருந்தபடியே கைப்பேசியில் அவரைப் பார்த்துக்கொள்வேன். போன மாதம் பழுது பார்க்க வந்த பையன், என்னிடம் கடவுச்சொல்லே கேட்காமல் பதிவுப் பெட்டியைத் திறந்துவிட்டான். பொருத்தியவர்கள் எல்லா வீடுகளுக்கும் ஒரே எண்ணைத்தான் போடுவார்களாம். மூன்று வருடமாக எங்கள் கூடத்தை யார் யார் பார்த்திருப்பார்களோ என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2016இல் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களை முடக்கிய ‘மிராய்’ என்ற தீநிரலின் தாக்குதலுக்குப் படையாக இருந்தவை, ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான். தங்கள் கேமரா அதில் சேர்ந்திருப்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

புதிதாக விற்கும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு 2025 ஏப்ரலில் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பவற்றின் கதி? பொருத்துபவர் கிளம்புமுன், உரிமையாளர் கையாலேயே புதுக் கடவுச்சொல் போட வைப்பதை விதியாக்க வேண்டும். பழைய கேமராக்களின் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பும் விற்றவருடையதே.

என் பங்குக்கு, கடைப் பணியாளர்களிடம் எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூடத்துக் கேமராவைக் கழற்றி வாசலில் மாட்டியாயிற்று. இப்போது மதியம் அம்மாவுக்கு போன் செய்து பேசுகிறேன்.

ஒரு வாசகர்,
ஈரோடு