அங்கன்வாடியும் வாட்ஸ்ஆப் பாடமும்

மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தைத் திணிக்கலாகாது. பாட்டும் கதையும் விளையாட்டுமே அதற்குரிய பாடம். இதை அங்கன்வாடிப் பணியாளர் பலர் இன்று அறிந்துகொள்வது பயிற்சி வகுப்பில் மட்டுமல்ல. வாட்ஸ்ஆப் குழுக்களிலும் யூடியூப் காணொலிகளிலும்தான். இது வரவேற்கத்தக்கது. ஆனால், அரசு செய்ய வேண்டிய பணியைச் சமூக ஊடகத்தின் தலையில் கட்டிவிட முடியுமா என்பதே கேள்வி.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இயங்குகின்றன. ஊட்டச்சத்து, தடுப்பூசி எனத் தொடங்கும் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. நடைமுறையில் அதுவே கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது.

பிளஸ் 2 முடித்த பணியாளர்களுக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் அளிக்கப்படும் என்றது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. ஸ்மார்ட்போன் வழியாகவும் இவற்றை நடத்தலாம் என்றது. 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டத்தை மத்திய அரசு 2024-ல் வெளியிட்டது. ஏட்டில் குறையில்லை.

ஆனால், கைப்பேசி அவர்களுக்கு முதலில் கொண்டுவருவது பாடத்தை அல்ல, ஆணையை. 2021-ல் 'போஷண் டிராக்கர்' செயலி வந்தது. சத்துணவுப் பொருள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, பயனாளியின் முகத்தை அடையாளம் காணும் முறை 2025 ஜூலையில் கட்டாயமாக்கப்பட்டது. பதிவேற்றத்துக்கும் புகைப்படத்துக்கும் செலவாகும் நேரம், குழந்தைகளுடன் அமர்ந்து கதை சொல்ல வேண்டிய நேரம் அல்லவா?

குழுக்களில் வருவதெல்லாம் நல்ல பாடமும் அல்ல. தடுப்பூசி பற்றிய வதந்தியும், நான்கு வயதுக் குழந்தையை எழுத வைப்பதைச் சாதனையாகக் காட்டும் காணொலியும் அதே வழியில்தான் வருகின்றன. பிரித்தறியப் பயிற்சி வேண்டும். வேலை நடந்ததற்குச் சான்றாகக் குழந்தைகளின் படங்கள் குழுக்களில் பகிரப்படுவதும் கவலைக்குரியது. சிறாரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதே 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவிதி. அங்கன்வாடிக் குழந்தைக்கு மட்டும் அந்தரங்கம் இல்லையா?

இதற்காகக் கைப்பேசியைத் தடை செய்யச் சொல்வது அறியாமை. தனி அறையில் ஒற்றை ஆளாகப் பணிபுரியும் பெண்ணுக்கு, வேறொரு மாவட்டத்துப் பணியாளரின் அனுபவத்தை எட்டச் செய்யும் கருவி அது. ஆணைக்கும் கற்றலுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமையட்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் பாடங்களைச் சரிபார்த்துத் தாய்மொழியில் தரட்டும். கற்கும் நேரம் பணிநேரமாகவும், இணையச் செலவு அரசின் செலவாகவும் கருதப்படட்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அவர்கள் கல்விப் பணி ஆற்றுவதையும் சுட்டிக்காட்டியது. ஆனால், மத்திய அரசோ அவர்களுக்கு மதிப்பூதியத்தையே நிர்ணயிக்கிறது. 2018 அக்டோபரில் அதை மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தாலும் பெயர் மாறுவதில்லை. ஆசிரியருக்குரிய கடமையை அவர்களிடம் எதிர்பார்க்கும் அரசு, ஆசிரியருக்குரிய பயிற்சியையும் ஊதியத்தையும் தர மறுப்பது எந்த வகையில் நியாயம்?