பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்பதல்ல கேள்வி

காசர்கோட்டிலிருந்து ரயிலேறிக் கேரளத் தலைநகருக்கு வருவோர் வந்திறங்குமிடம் தம்பானூர். 2019 ஜனவரி இறுதியில், எண்டோசல்பான் நஞ்சால் முடங்கிய பிள்ளைகளுடன் தாய்மார்கள் திருவனந்தபுரம் வந்து தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தார்கள். அதே மாதத்தில், பத்தனம்திட்டா மாவட்டம் திருவல்லாவுக்கு அருகே நெல்வயலில் பூச்சிக்கொல்லி தெளித்த விவசாயத் தொழிலாளர் இருவர் மாண்டிருந்தனர்.

இத்தகைய சாவுகள் நேரும்போதெல்லாம் பூச்சிக்கொல்லி நிறுவனங்களிடம் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது: “உழவர்களுக்குப் பயிற்சி போதவில்லை.” 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்து, பல நூறு பேர் மருத்துவமனையில் கிடந்தபோதும் சொல்லப்பட்டது இதுதான். உடனே கூட்டம் கூட்டப்படுகிறது. முகக்கவசமும் கையுறையும் வழங்கப்படுகின்றன. காற்றுக்கு எதிராகத் தெளிக்காதே, தெளிக்கும்போது பீடி பிடிக்காதே என்று பாடம் நடக்கிறது. பயிற்சி பெற்றோர் இத்தனை ஆயிரம் என்ற எண் ஆண்டறிக்கையில் ஏறுகிறது. நஞ்சால் மயங்கி விழுந்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததா என்ற கேள்விக்கு மட்டும் அந்த அறிக்கைகளில் இடமில்லை.

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகளாகின்றன. அந்த விடையைத் தந்ததும் நஞ்சு விற்ற நிறுவனமே. 1990களில் சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனம் நம் கோவை மாவட்டத்திலும், மெக்சிகோவிலும், ஜிம்பாப்வேயிலும் ‘பாதுகாப்பான பயன்பாடு’ குறித்துப் பெரும் பிரசாரம் நடத்தி, அதன் பலனை அளந்தது. அந்நிறுவனம் 1996இல் நோவார்ட்டிஸ் ஆயிற்று. ஆய்வின் முடிவுகள் 2000ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. உழவர்களின் அறிவு கூடியது உண்மை. ஆனால், ஆபத்தை நன்கறிந்த பின்னரும் பெருந்தொகையான உழவர்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாதுகாப்பான பயன்பாட்டுக்கு உறுதி தர இயலாத நிறுவனம், மிகக் கொடிய வகை நஞ்சுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்த வாக்கியத்தை எந்தப் பயிற்சி முகாமிலும் எவரும் படித்துக் காட்டுவதில்லை.

அறிந்தும் ஏன் மாறவில்லை? உழவரின் அறியாமை, அலட்சியம் என்று பழி சுமத்துவது எளிது. சித்திரை வெயிலில், முதுகில் தெளிப்பானைச் சுமந்து, ரப்பர் உடையும் கவசமும் அணிந்து நடந்து பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். வசதியற்றதும் விலை மிகுந்ததுமான பாதுகாப்பு உடையைக் கோரும் பூச்சிக்கொல்லிகளை, வெப்ப நாடுகளின் சிறு உழவர்களிடம் தரலாகாது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நடத்தை நெறியே கூறும் அறிவுரை. மேலும், நஞ்சைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தெளிப்பவர் மற்றொருவர். எதை வாங்குவதென்பதைக் கடைக்காரரும் நிலத்துக்காரரும் முடிவு செய்கிறார்கள். டேங்க் கணக்கில் கூலி பெறும் நிலமற்ற தொழிலாளி, காற்று அடங்கும்வரை காத்திருந்தால் அன்றைய கூலி குறையும். முகாமில் அவர் பெறும் அறிவு இந்த உறவில் எதையும் மாற்றுவதில்லை.

காசர்கோட்டிலோ பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே முந்திரித் தோட்டங்களின் மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது, அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகம். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய தெளிப்பு 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது. கிணற்றிலும் ஓடையிலும் நீர் எடுத்தவர்கள் தெளிப்பான் பிடித்தவர்கள் அல்லர். கருவிலிருந்த சிசுவுக்கு எந்தக் கையுறையை அணிவிப்பது?

நம் மொழி வழக்கும் இதில் கம்பெனிகளுக்கே துணை நிற்கிறது. பூச்சிக்கொல்லியை நாம் ‘மருந்து’ என்கிறோம். தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்கிறோம். மருந்தென்றால் அளவும் முறையும் அறிந்தால் போதும் என்ற எண்ணம் தானே வந்துவிடுகிறது. நஞ்சை நஞ்சென்று அழைத்தால்தான், அதை விற்க அனுமதித்தவர் யார் என்ற அடுத்த கேள்வி பிறக்கும்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் நம் நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் நஞ்சு கலந்த மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அந்தப் பேரழிவைத் தொடர்ந்த விசாரணையின் வழியில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நஞ்சுப் பாதிப்பு நிகழ்வுகளைத் தெரிவிக்குமாறு ஆணையிட மாநில அரசுக்கு அச்சட்டம் அதிகாரம் தருகிறது. 1971ஆம் ஆண்டின் விதிகளோ, தெளிக்கும் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன; ஆர்கனோ பாஸ்பரஸ், கார்பமேட் வகை நஞ்சுகளைக் கையாள்வோருக்கு மாதந்தோறும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதிக்கக் கோருகின்றன. அளவுகோல் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. கூலிக்குத் தெளிக்கும் எந்தத் தொழிலாளியின் கையிலிருந்து மாதந்தோறும் இரத்தம் எடுக்கப்படுகிறது?

நஞ்சையே அகற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்டை நாட்டில் சான்றுண்டு. இலங்கை 1995இல் மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகளையும், 1998இல் எண்டோசல்பானையும், 2008 முதல் 2011 வரையிலான காலத்தில் பாராக்குவாட் உள்ளிட்டவற்றையும் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அதனால் விளைச்சல் வீழ்ந்துவிடவும் இல்லை.

இந்தியாவில் ஒன்றிய அரசு 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவாணை வெளியிட்டது. மூன்றாண்டு இழுபறிக்குப் பின் அவற்றில் பெரும்பாலானவை தப்பிவிட்டன. மாநிலங்களுக்கோ, சட்டத்தின் 27ஆம் பிரிவு சில வாரத் தடைக்கு மட்டுமே அதிகாரம் தருகிறது. 2022 இறுதியில் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தபோது, அதன் ஆயுள் 60 நாட்களே.

இடதுசாரிகள் தம்மையும் இதே அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அது பெருமைக்குரியது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதங்களில் வழங்குமாறு 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் கேரள அரசு காலம் கடத்தியது. 2022இல் நீதிமன்றம் கண்டிக்கும் நிலை வந்தது. தோட்டக் கழகம் அரசுடையது என்பதால் பொறுப்பு இருமடங்காகிறதே ஒழியக் குறைவதில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பயிற்சியின் பலனை அளக்கும் பணியை நஞ்சு விற்போரிடமிருந்து பறிக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நஞ்சுப் பாதிப்பைப் பதிவு செய்வதும், தெளிக்கும் தொழிலாளிக்கு இரத்தப் பரிசோதனை செய்வதும் கட்டாயமாக வேண்டும். பாதிப்புக்கான இழப்பீட்டை உற்பத்தியாளரிடமே வசூலிக்க வேண்டும். நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு வேண்டும். பயிற்சி தேவையில்லை என்று எவரும் சொல்லவில்லை. நஞ்சைக் குறைத்துப் பயிர் காக்கும் முறையைக் கற்பிக்கும் பயிற்சி பெருகட்டும். கொடிய நஞ்சைக் கடையில் வைத்துக்கொண்டு, கவசத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் பயிற்சியை விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கிராமந்தோறும் கேள்விக்குள்ளாக்க வேண்டும்.