ஒளிரட்டும் உண்மை!

தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஆகவே நல்லது என்கிறார்கள். தெளிவு வேறு, தூய்மை வேறு, தோழர்களே! பாதரசமும் ஈயமும் நீரில் கரைந்து அயனிகளாகிவிட்டால் நிறம் காட்டா, நாற்றமும் காட்டா. குடித்தவன் உடல்தான் காலங்கழித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஜப்பானில் மினமாட்டா என்றொரு கடலோர ஊர். அங்கே சிஸோ இரசாயன ஆலை கழிவைக் கடலில் விட்டது. அதிலிருந்த பாதரசம் மீனில் ஏறியது; மீனைத் தின்ற மக்களின் மூளையைத் தாக்கியது. 1956-இல் நோய் வெளிப்பட்டது. 1959-இல் ஆலை மருத்துவரே கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய்! நிர்வாகம் என்ன செய்தது? முடிவை மூடி மறைத்தது. 1968 வரை கழிவு கடலுக்குப் போயிற்று. கொன்றது பாதரசம் மட்டுமா? பூட்டிவைக்கப்பட்ட உண்மையும்தான்!

தொலைதேசத்துக் கதை என்று தள்ளாதீர். நம் கொடைக்கானலில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே கிடந்தது அம்பலமானபின், ஹிந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிட்டியதோ 2016-இல்!

கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் காட்ட இன்று விஞ்ஞானம் ஒரு விளக்கைத் தந்திருக்கிறது. ரோடமின் என்னும் சாயத்திலிருந்து ஆக்கப்படும் மூலக்கூறு அது. சும்மா கிடக்கையில் நிறமற்றது. பாதரச அயனி வந்து பற்றினால் அதன் பூட்டு திறக்கும். தக்க ஒளியைப் பாய்ச்சினால் பளிச்சென்று ஒளிரும். உயிருள்ள செல்லுக்குள் புகுந்த நஞ்சையும் இவ்வகை மூலக்கூறுகள் காட்டும். வேறு உலோகத்துக்கும் சில வேளை ஒளிர்ந்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடம் மறுமுறை சோதிக்கவேண்டும். இது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மணி.

மணியின் கயிறு யார் கையில்? அதுதான் கேள்வி! முதலாளி கையில் மட்டும் இருந்தால் மினமாட்டா மீண்டும் நடக்கும். குடிநீர் ஒரு லிட்டரில் பாதரசம் 0.001 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்திய நிர்ணயம். ஏட்டில் இருந்தால் போதுமா? மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள கிணறுகளைச் சோதியுங்கள். தொழிற்சங்கத் தோழர் முன்னிலையில் சோதியுங்கள். முடிவைத் தமிழில் தெருமுனைப் பலகையில் எழுதுங்கள்! நல்ல நீரென்றால் நிம்மதி அடைவோம். நஞ்சென்றால் நியாயம் கேட்போம்.

இது பேராசையா? 8 மணி நேர வேலை கேட்ட புதுவைப் பஞ்சாலைத் தோழர்கள் 12 பேர், 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். உழைக்கும் நேரத்துக்கு வரம்பு கேட்ட வர்க்கம், குடிக்கும் நீரின் உண்மையைக் கேட்கத் தயங்கலாமா?