மடியில் மலரும் நூல்



இரண்டு வயதுக் குழந்தையை மடியில் இருத்திப் படப்புத்தகத்தை விரித்ததும், பல இல்லங்களில் எழும் முதற்குரல், “இது என்ன? சொல்!” என்பதே. குழந்தை விழித்தால், “இதுகூடத் தெரியாதா?” என்ற கடிந்துரை பின்தொடரும். பள்ளி வாயிலை மிதிக்குமுன்னரே புத்தகம் அதற்குத் தேர்வாகிவிடுகிறது. நூலைக் கண்டு அஞ்சும் பிள்ளையை நாமே உருவாக்கலாமா?

மழலைக்கு வாசிப்பு ஒரு விளையாட்டே. படத்தில் காகம் இருந்தால் கரைந்து காட்டுங்கள். யானை வந்தால் அசைந்தாடுங்கள். கதையில் மழை பெய்தால், குழந்தையின் முதுகில் விரல் நுனிகளால் தூறலிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்குமுன் சற்றே நிறுத்துங்கள். குழந்தையே அதைக் கூவி நிறைவு செய்யும். பக்கம் புரட்டும் உரிமை அதற்கே உரியது. நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். அதே கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் சலியாதீர்கள். அடுத்து வருவது இன்னதென்று அறிந்திருப்பதே அதற்குப் பேரின்பம்.

இது வெறும் செல்லமன்று. 1988-இல் அமெரிக்க உளவியலார் ஒயிட்ஹர்ஸ்டும் அவர்தம் குழுவினரும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர்க்கு ஒரு முறையைக் கற்பித்தனர். வாசிக்கும்போதே குழந்தையைப் பேசத் தூண்டும் வினாக்களைக் கேட்பதும், அது சொன்னதைப் பாராட்டி விரித்துரைப்பதுமே அம்முறை. ஒரே திங்களில் அக்குழந்தைகள், வழக்கம்போல் வாசிக்கக் கேட்ட குழந்தைகளைப் பேச்சில் முந்தினர்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழி வந்த அங்கன்வாடிகளிலும், முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பொன்னான காலம் இல்லத்தின் பொறுப்பன்றோ?

“நூற்பாலையில் வேலை முடிந்து வருகிறோம், நேரம் ஏது?” என்பீர்கள். இரவுச் செபம் முடிந்தபின் பத்து நிமிடம் போதும். “எனக்கு எழுத்தே தெரியாதே” என்று பாட்டி தயங்க வேண்டாம். படத்தைப் பார்த்துத் தம் சொற்களால் கதை சொல்லட்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு மனப்பாடம் செய்து, கைதட்டிப் பாடட்டும். குழந்தை தேடுவது பிழையற்ற உச்சரிப்பை அன்று; தனக்காக ஒதுக்கப்பட்ட குரலையே.

திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்குச் செல்லும்போது, பெரிய பிள்ளைகளுக்கு வழிகாட்டி நூல்களை வாங்குகிறீர்கள். அவற்றோடு, கெட்டி அட்டைப் படப்புத்தகம் ஒன்றையும் வாங்குங்கள். அது பேழைக்குள் பத்திரமாய் இருக்க வேண்டாம். குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், அச்சத்தால் மூடிய உள்ளத்தைத் திறப்பதுதான் அரிது.