கூத்தில் கடலை தின்றோமே என்பவர்களுக்கு

'விடிய விடிய கூத்துல கடலை கொறிச்சவங்கதானே நாம? கப்சிப்னு உட்கார்றது வெள்ளைக்காரன் பழக்கம்' என்கிறார்கள். அவனும் கொறித்தவன்தான். 1989இல் லண்டனில் ரோஸ் அரங்கைத் தோண்டியபோது கொட்டை ஓடுகள் கிடைத்தன. ஆனால் இரண்டுமே திறந்தவெளி. முகவீணையும் மிருதங்கமும் பின்பாட்டும் முழங்கும்போது கடலைத்தோல் உடைவது யாருக்குக் கேட்கும்?

போன மாதம் பார்த்த நாடகம் ஐம்பது பேர் உட்காரும் அறையில், மைக் இல்லாமல். மகன் செத்த சேதி கேட்ட தாய் ஒரு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். அந்த நிமிடம் முழுக்க என் பின்வரிசை சிப்ஸ் பாக்கெட்தான் பேசியது. அதுவும் மெதுவாகப் பிரிக்கிறாராம், நாகரிகமாக! மெதுவாகப் பிரித்தால் சத்தம் நீளும், குறையாது. பசித்தால் இடைவேளையில் வாருங்கள், டீயும் வடையும் நானே வாங்கித் தருகிறேன்.