ஒரே ஒரு அலை போதுமா?



"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது பழமொழி. இசை உலகத்திலும் அப்படி ஒரு கடுகு இருக்கிறது. அதுதான் ஒற்றை அலை. அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் கட்டுரை.

எங்க மாமா பாட்டுக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிறவர். அவரிடம் ஒரு பழைய சாம்ப்ளர் பெட்டி இருக்கிறது. சாம்ப்ளர் என்றால் என்ன? மைக்கில் வருகிற ஒலியை எண்களாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும். கட்டையை அழுத்தினால் அந்த எண்களைப் படித்து மறுபடி ஒலியாக்கும். மேல் கட்டை என்றால் வேகமாகப் படிக்கும், சுருதி ஏறும். கீழ்க் கட்டை என்றால் மெதுவாகப் படிக்கும், சுருதி இறங்கும். அவ்வளவுதான்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சி.டி. தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 எண்கள் வேண்டும். நொடிக்கு 441 முறை அதிரும் சுரத்தில், ஓர் அலைக்கு எத்தனை எண்? வகுத்துப் பாருங்கள். வெறும் 100! அந்த 100 எண்ணை மட்டும் வெட்டி எடுத்து, "முடிந்ததும் முதலிலிருந்து படி" என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டால் போதும். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை ஒலி நிற்காது. ஒரு நொடிப் பதிவு பிடிக்கும் இடத்தில் இப்படி 441 அலைகளை வைத்துவிடலாம்.

அந்தக் காலத்தில் இது பெரிய உதவி. 1988-இல் ஜப்பானில் வந்த அகாய் எஸ் 1000 சாம்ப்ளரில் முதலில் இருந்த நினைவகம் 2 மெகாபைட்தான். சி.டி. தரத்தில் சுமார் 23 நொடிதான் பதியலாம். அதற்கும் முன்னால் 1979-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் என்ற சாம்ப்ளரைச் செய்தார்கள். அதில் ஒளிப்பேனாவால் திரையிலேயே அலையை வரையலாம். வரைந்த கோடு ஒலியாகக் கேட்கும். எவ்வளவு அதிசயம் பாருங்கள்!

சரி, நான் ஏன் இதை எழுதுகிறேன்? ஒரு கல்யாண வீட்டில் மாமாவின் பெட்டியைப் பார்த்து ஒரு பெரியவர், "நாயனச் சத்தம் இதுலயே இருக்குல்ல? அடுத்த கல்யாணத்துக்கு மேளக்காரங்க எதுக்கு, தெண்டச் செலவு" என்றார். பக்கத்திலேயே நாயனக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

லீவு நாளில் மாமாவிடம் கேட்டு நானே சோதித்துப் பார்த்தேன். முதலில் ஹார்மோனியத்தின் ஒரு கட்டையைப் பதிந்து, ஓர் அலையை வெட்டினேன். வெட்டுவது சுலபம் இல்லை. சிக்குக் கோலத்தில் கோடு தொடங்கின புள்ளியிலேயே வந்து சேர வேண்டும் அல்லவா? அலையும் அப்படித்தான். முடிவும் தொடக்கமும் பொருந்தாவிட்டால், அந்த ஒட்டு ஒவ்வொரு சுற்றிலும் இடித்து 'கொர்ர்' என்று இரைகிறது. நாலாவது தடவைதான் சரியாக வந்தது. கிட்டத்தட்ட ஹார்மோனியம் மாதிரியே கேட்டது.

அடுத்து நாயனம். மாமா கைப்பேசியில் வைத்திருந்த பதிவிலிருந்து ஓர் அலை எடுத்தேன். கட்டையை அழுத்தினதும் மாமா சிரித்துவிட்டார். "என்ன புள்ள, லாரி ஆரன் மாதிரி இருக்கு?" என்றார்.

ஏன் இப்படி? ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் ஓர் அலை அடுத்த அலை மாதிரியே இருக்கும். அதனால் ஒன்றை எடுத்தால் போதும். நாயனத்தில் மூச்சு ஏறும், இறங்கும், விரல் வழுக்கும், கமகம் அசையும். ஓர் அலை போல இன்னோர் அலை இல்லை. நூறு எண்ணில் அந்த மூச்சை எப்படி அடைப்பது? "முழுசா பதிஞ்சு வெச்சா?" என்று கேட்பீர்கள். அப்போதும் அன்றைக்கு வாசித்ததுதான் திரும்ப வரும். மாப்பிள்ளை தாலி எடுப்பதைப் பார்த்துக் கெட்டிமேளத்துக்கு மாறுகிற கண் அந்தப் பெட்டிக்கு இல்லையே!

அப்படியானால் ஒற்றை அலை வீணா? இல்லவே இல்லை! அதே நாயன அலையை இரண்டு பிரதியாக வைத்தேன். ஒன்று 441 ஹெர்ட்ஸ், இன்னொன்று 443 ஹெர்ட்ஸ். நொடிக்கு 2 விம்மல் வந்தது. ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி வைத்தேன். ஃபில்டரைக் குறைத்து இரைச்சலை அடக்கினேன். கிணத்துக்குள்ள யாரோ பாடுற மாதிரி ஒரு சத்தம்! அது நாயனமும் இல்லை, ஹார்மோனியமும் இல்லை. மாமாகூட, "இதை அப்படியே சேமிச்சு வை" என்றார்.

"இப்போதான் நினைவகம் நிறைய இருக்கே, ஒற்றை அலை எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். இடத்தை மிச்சப்படுத்த இப்போது அது தேவையில்லைதான். ஆனால் நீளமான பதிவு எல்லாவற்றையும் தானே செய்து தந்துவிடும். ஒற்றை அலையோ ஒன்றுமே தராது. எழுச்சி, அடக்கம், அசைவு எல்லாம் நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் வருகிற ஒலி நம்முடையது ஆகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். சாம்ப்ளரை நாயனக்காரருக்குப் பதிலாக உட்கார வைக்காதீர்கள். அவர் பக்கத்தில் புதுசாக ஒரு வாத்தியமாக உட்கார வையுங்கள். பெட்டிக்கும் மரியாதை, மனிதருக்கும் மரியாதை!

சிந்திப்பீர் தோழர்களே!

– 9-ஆம் வகுப்பு மாணவி